மேடை இருளும் ஒளிப்படமும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



1822-ஆம் ஆண்டு பாரிஸ் ஆபெரா அரங்கில் அலாவுதீனின் அற்புத விளக்கைப் பற்றிய இசைநாடகம் ஒன்று மேடையேறியது. அவ்வரங்கில் எரிவாயு விளக்குகள் முதன்முதலாக ஏற்றப்பட்டது அந்த நாடகத்தின் பொருட்டே. அதற்குக் காட்சித் திரைகளை அமைத்த இருவருள் ஒருவர் லூயி டாகேர். மேடையில் ஒளி எங்கே விழவேண்டும், நிழல் எங்கே நிற்கவேண்டும் என்பதில் கைதேர்ந்த அதே மனிதர், பதினேழு ஆண்டுகள் கழித்து, 1839-இல், வெள்ளி பூசிய தகட்டில் உருவத்தைப் பதித்து நிலைநிறுத்தும் முறையை உலகுக்கு அளித்தார். புதிய மேடை விளக்கும் ஒளிப்படமும் ஒருவருடைய வாழ்க்கையில் இவ்வாறு அடுத்தடுத்து வந்து நின்றன. எனினும் அவை இரண்டும் ஒன்றோடொன்று உறவாட ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிடித்தன. நல்ல வெயிலிலேயே நிமிடக்கணக்கில் அசையாது இருந்தாலன்றி டாகேரின் தகட்டில் உருவம் விழாது. அரையிருளில் சுழன்று ஆடும் ஒரு பெண், அந்தத் தகட்டைப் பொறுத்தவரை, இல்லாதவளே.

ஆடுபவர் ஆடிக்கொண்டிருக்கும்போதே, அவருக்கென அமைந்த மேடை ஒளியிலேயே அவரைப் படமெடுப்பது எவ்வாறு இயல்வதாயிற்று, அதற்காக எதை இழக்க நேர்ந்தது என்பதே இவ்வுரையின் பொருள்.

விளக்கின் இடத்தைத் தேர்வதும் ஆடற்கலையின் ஒரு கூறு என்பது தமிழருக்குப் புதிய செய்தியன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, அரங்கின் நீள அகலங்களைக் கூறுவதோடு நில்லாமல், தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கை நிறுத்தும் முறையையும் கூறுகிறது. மாதவியின் அரங்கு நிழலை விலக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாலே அரங்கோ நிழலை விரும்பி அழைத்தது. 1832-இல் பாரிசில் மாரி தாக்லியோனி ஆடிய 'லா சில்ஃபீது' நாடகத்தின் நாயகி காட்டில் உலவும் காற்றுத் தேவதை. 1841-இல் அரங்கேறிய 'ஜிசேல்' நாடகத்தின் இரண்டாம் அங்கம் நள்ளிரவில், காட்டுக் கல்லறையருகே நிகழ்கிறது. மணமாகுமுன்னரே மாண்ட கன்னியரின் ஆவிகள் அங்கே ஆடுகின்றன. 1895-இல் புனித பீட்டர்ஸ்பர்க் நகரில் லெவ் இவானொவ் அமைத்த 'அன்ன ஏரி'யின் ஏரிக்கரைக் காட்சி நிலவொளியில் நடைபெறுவது. மங்கிய நீல ஒளியும் அதில் மிதக்கும் வெண்ணிற மெல்லாடையும் இந்த மரபின் உயிர்நாடி. இங்கே இருள் ஒளியின் குறைபாடு அன்று. திட்டமிட்டு ஆக்கப்பட்ட ஒரு பொருள்.

அந்த ஒளிக்கு ஆடுவோர் கொடுத்த விலையும் பெரிது. எம்மா லிவ்ரி என்னும் இளம் நடனமணி, தீப்பற்றாதிருக்க ஆடையை மருந்திட்டுப் பதப்படுத்துவதை ஏற்க மறுத்தார். பதப்படுத்தினால் துணி விறைக்கும், வெண்மை மங்கும் என்பது அவர் சொன்ன காரணம். 1862 நவம்பரில், ஒத்திகையின்போது, அவருடைய பாவாடை எரிவாயுச் சுடரில் பற்றிக்கொண்டது. எட்டு மாதங்கள் துன்புற்று 1863 ஜூலையில் அவர் மறைந்தபோது வயது இருபதுதான். அந்த வெண்மையைக் காக்கத் தம் உயிரைப் பணயம் வைத்த ஒருவர் இருந்தார் என்பதைப் படமெடுப்போர் நினைவில் கொள்ளுதல் நன்று. ஏனெனில் பிற்காலத்தில் அவர்கள் செய்த முதல் பிழை அந்த வெண்மையைக் குலைத்ததே ஆகும். அதைப் பின்னர்க் காண்போம்.

மேடையில் எடுக்க இயலாததை ஒளிப்படக்காரர்கள் தம் கூடத்தில் எடுத்தனர். ஆடுபவர் ஒப்பனையோடு வந்து நிற்பார். ஏதேனும் ஒரு நிலையில் அசையாதிருப்பார். சில வேளைகளில் தாங்குகோல் ஒன்று அவருக்குப் பின்னே மறைந்திருக்கும். இம்முறையிலும் அரிய படங்கள் தோன்றின. 1912-இல் நிஜின்ஸ்கி அமைத்து ஆடிய 'ஃபான்' நடனத்தை அடால்ஃப் டெ மேயர் எடுத்த படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. ஆயினும் நிஜின்ஸ்கியின் புகழ் எதனால் வந்தது? 1911-இல் அரங்கேறிய 'ரோஜாவின் ஆவி' என்ற நடனத்தின் இறுதியில் அவர் சாளரத்தின் வழியே பாய்ந்து மறைந்த அந்த ஒரு தாவலைக் கண்டவர்கள் வாழ்நாள் முழுவதும் பேசினார்கள். அவர் ஆடுவதைக் காட்டும் திரைப்படச் சுருள் எதுவும் இல்லை. எஞ்சியிருப்பவை கூடத்தில் நின்ற நிலைகளே. நூற்றாண்டின் பெரும் பாய்ச்சல் எனப் பேசப்பட்ட ஒன்று, பாயாத படங்களின் வழியாகத்தான் அடுத்த தலைமுறையை வந்தடைந்தது. இழப்பு என்பது எத்தகையது என்பதை இந்த ஒன்றே உணர்த்தும்.

மங்கிய ஒளியில் படமெடுப்பவருக்கு மூன்று வாயில்களே உண்டு. லென்சின் துவாரத்தை அகலத் திறக்கலாம்; ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்கலாம்; ஒளியை விரைந்து ஏற்கும் பிலிமைக் கையாளலாம். ஒவ்வொரு வாயிலிலும் ஒரு சுங்கம் செலுத்தியாக வேண்டும். துவாரம் அகன்றால் தெளிவின் ஆழம் குறையும். நாயகியின் முகம் தெளிந்தால் பின்னே நிற்கும் தோழியர் கரைந்து போவர். ஷட்டர் நேரம் நீண்டால் அசைவு கலங்கும். பிலிமின் வேகம் கூடினால் மணல் தூவினாற்போல் துகள்கள் தோன்றும். 1925-இல் லைக்காவும் 1932-இல் காண்டாக்ஸும் சந்தைக்கு வந்து, கைக்கு அடக்கமான காமிராவையும் அகன்ற துவாரமுடைய லென்சையும் அளித்தன. அப்போதும் பிலிமின் வேகம் இன்றைய அளவுகோலில் ஐ.எஸ்.ஓ. 100-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோதான் இருந்தது. கோடக் நிறுவனத்தின் டிரை-எக்ஸ் பிலிம் 35 மில்லிமீட்டர் வடிவில் வந்தது 1954-இல். 3200 எனப் பெயரிலேயே வேகத்தைத் தாங்கிய டி-மாக்ஸ் பிலிம் வந்தது 1988-இல்.

பிளாஷ் விளக்கைப் பயன்படுத்தலாகாதா என்று கேட்கலாம். அரங்கில் அதற்கு இடமில்லை. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு. சுழலும் ஆட்டக்காரர் தொலைவிலுள்ள ஒரு புள்ளியில் பார்வையை நிறுத்தித் தலையை மட்டும் விரைந்து திருப்பித்தான் சமநிலை காக்கிறார். அந்தக் கண்ணில் வெட்டொளி பாய்ந்தால் அவர் விழவும் கூடும். இரண்டாவதாக, தொலைவு இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகக் குறைவதால், காமிராவின் சிறு பிளாஷ் ஒளி மேடையை எட்டுமுன்னரே வலுவிழந்துவிடும். மூன்றாவது காரணமே கலைக்கு உரியது. ஒளியமைப்பாளர் பல நாள் உழைத்து உண்டாக்கிய நிலவை அது ஒரு நொடியில் அழித்துவிடும்.

இனி, முன்னர்ச் சொன்ன வெண்மைக்கு வருவோம். காமிராவின் ஒளிமானி தன் பார்வைக்கு உட்பட்ட பரப்பின் சராசரி ஒளியையே அளக்கிறது. கரிய பின்திரைக்கு முன்னே ஒரே ஒரு வெள்ளையாடை நின்றால், அது திரையின் கருமையைக் கண்டு, ஒளி போதாது என்று முடிவுகட்டி, மிகையாக ஒளியை உள்ளே விடச் சொல்கிறது. விளைவு, இருள் சாம்பலாக வெளிறும். ஆடையின் மடிப்புகள் அனைத்தும் மறைந்து வெறும் வெள்ளைக் கறை மிஞ்சும். அதனினும் கொடிது, முகம் எழுதாத தாளாகிவிடும். ஆகவே தேர்ந்தவர்கள் ஒளிமானியின் சொல்லைக் கேளாது, முகத்தின் ஒளிக்கும் ஆடையின் ஒளிக்கும் மட்டும் அளவு வைத்து, ஏனைய பரப்பை இருளுக்கே விட்டுவிடுகிறார்கள். கருவி எதிர்பார்க்கும் நிறைவைத் துறப்பதே இங்கே முதற் பாடம்.

இரண்டாவது பாடம் காலத்தைப் பற்றியது. 45 சென்டிமீட்டர் உயரம் எழும்பும் ஒரு தாவலில் உடல் தரையை விட்டு நிற்கும் நேரம் ஏறத்தாழ 0.6 நொடி. அதில் சரிபாதி நேரத்தை உடல், உச்சியை ஒட்டிய கால்பங்கு உயரத்திலேயே கழிக்கிறது. நல்ல ஆட்டக்காரர் காற்றில் நின்றுவிட்டதாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். உச்சியை நடுவாக வைத்து 1/30 நொடி ஷட்டர் திறந்திருந்தால், அந்நேரத்தில் உடல் மேலோ கீழோ நகர்வது ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதே 1/30 நொடி, பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் திறந்திருந்தால், உடல் 10 சென்டிமீட்டர் அளவு இறங்கிவிடும். ஆக, போதாத ஒளியிலும் ஓரளவு தெளிவான படம் கிடைக்க இயற்கையே ஓர் இடைவெளியைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் அந்த இடைவெளியைக் கண்டபின் விரலை அழுத்துபவர் அதைத் தவறவிடுவார். கண் கண்டதைக் கை செய்து முடிக்க ஐந்தில் ஒரு நொடியேனும் ஆகும். அதற்குள் உடல் உச்சியிலிருந்து 20 சென்டிமீட்டர் கீழே வந்திருக்கும்.

ஆகவே காண்பதற்கு முன்னே அழுத்தவேண்டும். எப்போது என்பதை இசைதான் சொல்லும். பாலேயில் தாவலின் உச்சி பெரும்பாலும் இசையின் ஓர் அழுத்தத்தோடு பொருந்துமாறு அமைக்கப்படுகிறது. தாளத்தின் அடுத்த அடி எங்கே விழும் என்பதை உடலால் அறிந்தவருக்கே அந்தப் படம் வசப்படும். இங்கிலாந்தின் ராயல் பாலே குழுவில் ஆடிய காலின் ஜோன்ஸ் பின்னாளில் புகழ்பெற்ற ஒளிப்படக்காரரானார். ஆட்டம் உள்ளிருந்து எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்த கை அது. மேலும், கண்ணாடி வழியே நோக்கும் காமிராக்களில், ஷட்டர் திறக்கும் கணத்தில் கண்ணாடி மேலெழும்பிப் பார்வை இருண்டுவிடும். எந்தக் கணத்தைப் படமெடுத்தாரோ அந்தக் கணத்தை மட்டும் எடுத்தவர் காண்பதில்லை.

இவ்வளவு முயன்றும் பெறுவது தெளிவு ஒன்றையே. அந்தத் தெளிவுதான் உண்மையா என்று வினவியவர் அலெக்ஸி பிரடோவிச். 1898-இல் ரஷ்யப் பேரரசில் பிறந்து, புரட்சிக்குப் பின் பாரிசில் புகலடைந்த அவர், தொடக்கத்தில் டியாகிலெவின் பாலே குழுவுக்குக் காட்சித் திரைகள் தீட்டி வயிறு வளர்த்தார். 1930-இல் அமெரிக்கா சென்று, 1934 முதல் 1958 வரை 'ஹார்ப்பர்ஸ் பஜார்' இதழின் கலை இயக்குநராக விளங்கினார். டியாகிலெவ் 1929-இல் மறைந்தபின் அவருடைய மரபில் தோன்றிய குழுக்கள் உலகைச் சுற்றி வந்தன. அவை நியூயார்க் வந்தபோது, 1935-க்கும் 1937-க்கும் இடையில், பிரடோவிச் சிறிய காமிராவைக் கையில் ஏந்தி அரங்கிலும் பக்கத் திரைகளின் மறைவிலும் நின்று படமெடுத்தார். பிளாஷ் இல்லை. ஷட்டரோ மெதுவானது. கைகள் நீண்ட கோடுகளாயின, பாவாடைகள் புகையாயின, விளக்குகள் மேடையின் விளிம்பில் வெடித்த விண்மீன்களாயின. அந்நாளைய தொழில் இலக்கணப்படி அவை கெட்டுப்போன படங்கள்.

அவர் அவற்றைத் திருத்த முயலவில்லை. அச்சறையில் துகள்களையும் கருமை வெண்மை வேறுபாட்டையும் இன்னும் மிகுவித்தார். 1945-இல் நியூயார்க்கில் ஜே. ஜே. அகஸ்டின் பதிப்பகம் 'பாலே' என்ற பெயரில் 104 படங்களைக் கொண்ட நூலாக அவற்றை வெளியிட்டது. பதினொரு நடனங்கள், பக்கங்களில் ஓரம் விடாமல் விளிம்பு வரை பரவிய படங்கள், எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றோடொன்று கலந்து ஓடும் அமைப்பு. நூலுக்கு உரை எழுதியவர் எட்வின் டென்பி. நடன விமரிசகர், அதனோடு கவிஞர். அச்சானவை ஏறத்தாழ 500 படிகள். அவற்றுள் பல நண்பர்களுக்கு அன்பளிப்பாகச் சென்றன. பின்னர் பிரடோவிச்சின் வீட்டில் நேர்ந்த தீயில் நெகடிவ்கள் அழிந்தன. நூல் ஒன்றே எஞ்சியது. 1971-இல் அவர் மறைந்த பின்னும் அந்நூல் அரும்பொருளாகவே நெடுங்காலம் கைமாறி வந்தது. 2011-இல்தான் அதன் பக்கங்களைப் படியெடுத்துக் காட்டும் மறுபதிப்பு ஒன்று பரவலாகக் கிடைத்தது.

அந்நூலில் இடம்பெற்ற நடனங்களுள் ஒன்று 'கொத்திலியோன்'. 1932-இல் ஜார்ஜ் பாலன்சீன் அமைத்தது. காலப்போக்கில் மேடையிலிருந்து மறைந்து, 1988-இல் ஜாஃப்ரி குழுவினரால் ஆய்ந்து மீட்டமைக்கப்பட்டது. பாலே இலக்கியத்தைப் போல ஏட்டில் தங்குவதன்று. ஆடியவர் நினைவிலும் கண்டவர் நினைவிலும் வாழ்ந்து, அவர்களோடு மறைவது. அத்தகைய கலைக்குக் கலங்கிய படம் ஒன்று என்ன சான்றாக முடியும் என்ற ஐயம் நியாயமானதே. பாதம் எங்கே ஊன்றியது, முழங்கால் எவ்வளவு நீண்டது என்பதை அந்தப் படங்களிலிருந்து அறிந்துகொள்ள இயலாது.

ஆடுவோர் தரப்பு வாதத்தையும் இங்கே கேட்டாக வேண்டும். எட்டு வயது தொட்டு நாள்தோறும் பயின்று பெற்ற கால் நீட்டமும் தோளமைதியும் ஒரு படத்தில் குலைந்து காணப்பட்டால், அது அவருக்கு அவதூறாகவே படும். மேடையில் நடந்து முடிந்த கணம் எவர் நினைவிலும் தங்காது, படமோ தங்கிவிடும். பத்தில் ஒரு நொடி பிந்தி எடுத்த தெளிவான படம், அரங்கில் இருந்த எவர் கண்ணுக்கும் தோன்றாத ஓர் உடலைக் காட்டுகிறது: இறங்கும் வழியில் கோணிய வாய், தளரத் தொடங்கிய பாதம். அது பொய்யன்று, எனினும் அந்த ஆட்டத்தில் அது இல்லை. பிரடோவிச்சின் கலங்கிய படமோ, உடலைப் பற்றிய செய்தியில் தவறலாம். பார்த்தவர் கண்ணில் மிஞ்சியது எதுவோ அதைத் தவறவிடவில்லை. சான்று என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டென்பதை மங்கிய மேடை ஒளி இவ்வாறு பிரித்துக் காட்டிற்று.

வேறு வழியில் சென்றவர்களும் உண்டு. 1933-இல் பாரிசில் பாலன்சீனின் 'லெராந்த்' நடனத்தை லைக்காவால் எடுத்த இல்ஸ் பிங், பிரடோவிச்சுக்குச் சற்று முன்னரே மேடை ஒளியோடு போராடியவர். அல்பேனியாவில் பிறந்த ஜோன் மீலியோ இருண்ட கூடத்தில் நடனமணியை ஆடச்செய்து, விட்டுவிட்டு மின்னும் விளக்கால் ஒரே படத்தில் பல நிலைகளைப் பதித்தார். 1947-இல் நோரா கேயின் கால் நகர்வுகளை அவர் அவ்வாறு எடுத்த படம் புகழ்பெற்றது. அசைவை எண்ணிக் காட்டிய அறிவின் வெற்றி அது. ஆனால் அங்கே நாடகம் இல்லை, இசைக்குழு இல்லை, இருளில் மூச்சடக்கி அமர்ந்திருக்கும் மக்களும் இல்லை.

இன்றைய நிலை வேறு. 2007-இல் நிக்கான் டி3 காமிரா ஐ.எஸ்.ஓ. 6400 வரை இயல்பாகவே இயங்கிற்று. அதன்பின் வந்தவை மேலும் முன்னேறின. கண்ணாடி இல்லாத காமிராக்கள் சிலவற்றில் பார்வை இருள்வதும் இல்லை, ஷட்டர் ஓசையும் இல்லை. முன்பு ஒலி கேட்டு முகம் சுளித்த அரங்கினர்க்கு இது பெரும் நிம்மதி. நொடிக்கு இருபது முப்பது படங்கள் எடுத்து, அவற்றுள் உச்சியைப் பின்னர்த் தேடிக்கொள்ளவும் இயலும்.

இந்த வசதியோடு புதியதோர் இடரும் வந்துள்ளது. காண்போர் கண்ணுக்குப் புலப்படாத இருளையும் காமிரா துலக்கிக் காட்டிவிடுகிறது. ஜிசேலின் கல்லறைக் காடு முற்பகல் வெளிச்சத்தில் நிற்பதுபோன்ற படங்கள் வெளிவருகின்றன. மரத்தின் ஒட்டுத்துணி தெரிகிறது. ஆவியாக வந்தவரின் முதுகில் கொக்கிகள் தெரிகின்றன. ஒரு குறையும் இல்லாத படம்; ஆனால் அங்கே ஆவி இல்லை. 1935-இல் மேடையருகே நின்றவருக்கு இழப்பு கட்டாயமாக இருந்தது. ஒளி போதவில்லை, ஆகவே விட்டுக்கொடுத்தார். இன்று எதையும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. எனவே எதை இருளில் விடுவது என்பதை அவரவரே துணிந்து முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. கருவி முன்பு செய்த தேர்வு இப்போது மனிதர் மேல் விழுந்துள்ளது.

கவிஞர் நிறைந்த இவ்வவையில் இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை. தலைவியின் துயரைச் சொல்ல வந்த சங்கப் புலவர் நாரையையும் கழியையும் மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார் என்றால், அது சொல் வறுமையால் அன்று. எல்லாவற்றையும் சொல்ல வல்லவராய் இருந்தும் உள்ளுறையாக வைத்தார். எம்மா லிவ்ரி காக்க முனைந்த வெண்மை அதைச் சூழ்ந்திருந்த இருளாலேயே ஒளிர்ந்தது. மேடைப் படத்தில் அந்த இருளை எவ்வளவு வைத்துக்கொள்வது என்பதற்கு ஒளிமானியில் அளவு கிடையாது. அதை அறிய, காமிராவைக் கீழே வைத்துவிட்டு, அரங்கின் கடைசி வரிசையில் ஒரு மாலை முழுதும் அமர்ந்து ஆட்டத்தைக் காண வேண்டும்.